சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்: வாசகர் கேள்வி - டீச்சர் பதில்

பாலக்காடு மாவட்டத்தின் எல்லை ஊர்களிலிருந்து வந்த இலக்கணக் கேள்விகளுக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: டீச்சர், பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு பெயரும் எனக்கு மனப்பாடம். ஆனால் 'வந்தனன்' என்று கொடுத்தால் கடைசியில் இரண்டு 'அன்' வருகிறது. அதில் எது சாரியை, எது விகுதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- பத்தாம் வகுப்பு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாய், கண்ணு. 'வந்தனன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதன் உடன்பிறப்புகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்து: வந்தனன், வந்தனள், வந்தனர், வந்தனென், வந்தனை. இப்போது பார். 'வந்த்' எல்லாவற்றிலும் இருக்கிறது. அதற்கு அடுத்த 'அன்' என்பதும் எல்லாவற்றிலும் இருக்கிறது. மாறுவது கடைசித் துண்டு மட்டும்தான்: அன், அள், அர், என், ஐ. அவனா, அவளா, அவர்களா, நானா, நீயா என்று சொல்வது அந்தத் துண்டு. ஆகவே அதுதான் விகுதி. ஆள் மாறினாலும் தான் மாறாமல் நடுவில் நிற்கிற 'அன்' சாரியை.

வகுப்பில் நான் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிக் கத்தரிக்கோலோடு பிள்ளைகளிடம் கொடுப்பது வழக்கம். 'வந்தனன்' கீற்றை வெட்டச் சொன்னால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். முதல் வெட்டு 'த' என்ற எழுத்தின் நடுவில் விழ வேண்டும்; அடுத்த வெட்டு 'ன' என்ற எழுத்தின் நடுவில். எழுத்துகளுக்கு இடையில் வெட்டினால் 'வந்', 'த', 'ன', 'ன்' என்று பொருளில்லாத துண்டுகள்தான் வரும். அப்புறம் ஒருவர் கீற்றைத் திருப்பிப் போட்டு, 'வ் அ ந் த் அ ன் அ ன்' என்று மெய்யையும் உயிரையும் தனித்தனியே எழுதுவார். அப்போது கத்தரிக்கோல் தடையில்லாமல் போகும். நீயும் தேர்வில் முதலில் ஓரத்தில் இப்படி எழுதிக்கொள். உயிர்மெய்யைப் பிரிக்காமல் பகுபதத்தை, அதாவது இப்படி உறுப்புகளாகப் பிரியும் சொல்லை, பிரிக்க முடியாது.

விடை இதுதான்: வா + த் + த் + அன் + அன். 'வா' பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். முதல் 'த்' சந்தி. அது 'ந்' ஆனதும் விகாரம். இரண்டாவது 'த்' இறந்தகால இடைநிலை. பிறகு சாரியை, அதன் பிறகு ஆண்பால் வினைமுற்று விகுதி. பகுதி 'வ' ஆகாதா என்று கேட்பாய். 'வருகிறான்' என்ற சொல்லைப் பார். அங்கே அதே பகுதி 'வரு' என்று நிற்கிறது. வ, வரு, வா என்று மூன்று கோலம் இருக்கும்போது ஏவலில் வரும் 'வா' என்பதைப் பகுதியாக வைத்துக்கொள்வது நம் மரபு.

இன்னொன்று. எல்லாச் சொல்லிலும் ஆறு உறுப்பும் வந்தே தீர வேண்டும் என்று நினைத்து, இல்லாத சாரியையைத் தேடிப் பிள்ளைகள் நேரத்தை வீணாக்குகிறார்கள். நன்னூல் சூத்திரத்திலேயே 'ஏற்பவை முன்னி' என்று இருக்கிறது. பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள் என்று பொருள். 'செய்தான்' என்பதில் செய், த், ஆன் என்ற மூன்று மட்டும்தான்.

கேள்வி: என் மகள் மலையாள வழியில் படிக்கிறாள். தமிழை வீட்டில் நான் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். 'நேற்று மாமா வந்து. பலகாரம் கொண்டுவந்து. நாங்கள் சிரித்து' என்று எழுதுகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் இப்படியே எழுதுகிறாள். இது அக்கறைக் குறைவா? மலையாளத்தில் இலக்கணம் குறைவு என்று என் மாமனார் சொல்கிறார். அது உண்மையா?
- இல்லத்தரசி, வேலந்தாவளம்

பதில்: அம்மா, உங்கள் மகள் ஓர் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறாள். அந்த ஒழுங்கு மலையாளத்துடையது, அவ்வளவுதான். மலையாளத்தில் 'ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு' என்று எல்லாருக்கும் ஒரே வினைதான். யார் வந்தது என்பதை முன்னால் உள்ள பெயர் சொல்லிவிடுகிறது. தமிழில் அதை வினையின் விகுதி இன்னொரு முறை சொல்லும்: வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள். பள்ளியில் நாள் முழுக்க விகுதியில்லாத வினையைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, 'வந்து' என்று எழுதியதும் வாக்கியம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறாள். நமக்கோ 'மாமா வந்து' என்றால், வந்து என்ன செய்தார் என்று காது காத்திருக்கும். இப்படிக் காத்திருக்க வைக்கும் வடிவத்துக்கு வினையெச்சம் என்று பெயர். விகுதியோடு நிறைந்து நிற்பது வினைமுற்று. மகளிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது கடினமில்லை.

மாமனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. கேரளபாணினீயம் என்ற மலையாள இலக்கண நூலை எழுதிய ஏ.ஆர். ராஜராஜ வர்மா, மலையாளம் தனி மொழியான விதத்தை ஆறு மாற்றங்களாக வகுத்துக் காட்டினார். நூலின் முதல் பதிப்பு 1896-இல் வந்தது. திருத்திய பதிப்பு 1917-இல். அந்த ஆறில் ஒன்று 'புருஷபேத நிராசம்'. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வினையில் காட்டும் வேறுபாட்டை மொழி கைவிட்டது என்பது அதன் பொருள். பழைய மலையாளப் பாட்டுகளில் 'சொல்லினான்', 'வந்நாள்' போன்ற விகுதியுள்ள வடிவங்கள் இன்னும் இருக்கின்றன. சித்தூர் தெக்கேகிராமத்தில், மலையாளக் கவிஞர் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் குருமடம் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. கிளி சொல்வதாக அமைந்த அவருடைய கிளிப்பாட்டைப் படிக்கக் கேட்டால் அந்த விகுதிகள் உங்கள் காதில் தானாகவே விழும்.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு மூலையில் இதே மாற்றம் நடந்திருக்கிறது. 'நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை.' விகுதி எங்கே போயிற்று? பழைய தமிழில் 'வாரேன், வாராய், வாரான், வாரார்' என்று மறுப்புக்கும் ஆள் காட்டும் விகுதி இருந்தது. இன்று அதை விட்டுவிட்டு எல்லாருக்கும் 'இல்லை' என்ற ஒன்றையே வைத்துக்கொண்டோம். வேறு, இல்லை, உண்டு ஆகியவை ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் அப்போதே குறித்து வைத்திருக்கிறது. 'வேண்டும்' என்பதையும் பாருங்கள்: எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும். இதனால் தமிழில் இலக்கணம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மலையாளத்தைப் பற்றியும் அப்படிச் சொல்ல வேண்டாம். குறிப்பாகப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்ல வேண்டாம். இரண்டு மொழியும் அவளுடையவை.

திருத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது. நேற்று நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் நான், நீ, அவன், அவள் என்ற சொற்களை அவள் பயன்படுத்தக் கூடாது. 'காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். தம்பியைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றான்.' பெயரை எடுத்துவிட்டால் வேலை முழுவதும் விகுதியின் தலையில் விழும். அப்போது அது எதற்கு இருக்கிறது என்று அவளுக்கே புரியும்.

கேள்வி: டீச்சரே, நான் மலையாளி. ஓய்வுக்குப் பிறகு தமிழ் படிக்கிறேன். எங்கள் பள்ளி இலக்கணத்திலும் பேரெச்சம், வினயெச்சம், முற்றுவின என்று படித்தோம். தமிழ்ப் புத்தகத்தில் இருப்பவையும் இவைதானா?
- ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பாலக்காடு

பதில்: இவையேதான், ஐயா. 'வந்ந குட்டி' உங்களுக்குப் பேரெச்சம்; 'வந்த குழந்தை' எங்களுக்குப் பெயரெச்சம். பெயரைக் கொண்டு முடியும் குறைவினை என்ற கருத்து இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

உங்கள் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. 'அவன் வந்நு' என்று முடிக்கும்போது கடைசி உகரத்தை இதழ் குவித்து முழுதாகச் சொல்கிறீர்கள். 'வந்ந்‌ போயி' என்று எச்சமாகச் சொல்லும்போது அதே உகரத்தைக் குறுக்கி, சந்திரக்கலை என்ற பிறைக் குறியை இட்டு எழுதுகிறீர்கள். முற்றுக்கும் எச்சத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதையும் அந்தக் கடைசி உயிரின் அளவே தாங்குகிறது. குற்றியலுகரம், முற்றியலுகரம் என்று நாங்கள் படிப்பது இந்த ஓசையைத்தான். தமிழில் 'வந்து' என்பதன் உகரம் குறுகி ஒலிப்பது. மென்தொடர்க் குற்றியலுகரம் என்று அதை வகைப்படுத்துவோம். தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குக் குற்றியலுகரம் வெறும் தேர்வுப் பாடமாக இருக்கிறது. உங்கள் காதுக்கோ அது அன்றாடம் பழகியது. ஆகவே அந்தப் பாடத்தைப் பார்த்து நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: வேற்றுமை எட்டு என்று தமிழில் படித்தோம், மலையாளத்தில் விபக்தி ஏழு என்கிறார்கள். ஒரே வேலையைச் செய்யும் உருபுகளுக்கு இரண்டு கணக்கு ஏன்?
- துணிக்கடை உரிமையாளர், கோவிந்தாபுரம்

பதில்: எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம், எதை வைத்து எண்ணுகிறோம் என்பதுதான். நமது மூன்றாம் வேற்றுமையில் 'கத்தியால் அறுத்தான்' என்பதும் உண்டு. 'அப்பாவோடு போனான்' என்பதும் உண்டு. ஆல் கருவியைக் காட்டுகிறது, ஓடு உடன் செல்வதைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் வைத்தார்கள். மலையாள இலக்கணம் அவற்றைப் பிரித்து, 'ஓடு' வருவதைச் சம்யோஜிக என்றும் 'ஆல்' வருவதைப் பிரயோஜிக என்றும் இரண்டாக வைத்தது. நமது ஐந்தாம் வேற்றுமையை அது தனியாக எண்ணவில்லை, விளியையும் சேர்க்கவில்லை. அதனால் ஏழு. நம்மிடமும் விளியைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு பழையது. தொல்காப்பியம் முதலில் 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று சொல்லி, அடுத்தபடியாக விளியோடு சேர்த்தால் எட்டு என்கிறது.

ஆலையும் ஓடுவையும் பிரித்ததுதான் நன்று என்பது என் கருத்து. ஐந்திலும் ஏழிலும் நமக்கு ஒரே 'இல்' வந்து பிள்ளைகளைக் குழப்புவதும் இதோடு சேர்ந்ததுதான். 'மலையில் வீழ் அருவி' என்றால் மலையிலிருந்து நீங்குவது, ஐந்து. 'மலையில் மரம் இருக்கிறது' என்றால் இடம், ஏழு. உருபைப் பார்த்து எண் போடாமல் பொருளைப் பார்த்து எண் போட வேண்டிய இடம் இது.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் கட்டுரைகளில் 'அவனோடு சொன்னேன்' என்று அடிக்கடி வருகிறது. மலையாளத்தில் 'அவனோடு பறஞ்ஞு' என்பது சரியான வாக்கியம். எழுத்துத் தமிழில் சொல்லுதல் என்ற வினைக்கு 'அவனிடம்' என்பதுதான் இயல்பு. உருபு ஒன்றாக இருந்தாலும் எந்த வினையோடு அது சேரும் என்பது மொழிக்கு மொழி வேறு. இதைக் கவனித்துத் திருத்துங்கள். மதிப்பெண்ணை வெட்டுவதோடு ஆசிரியர்கள் நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: வகுப்பில் உருபன், மாற்றுருபன் என்று மொழியியல் நடத்துகிறார்கள். பகுபத உறுப்பையே வேறு பெயரில் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒன்றா?
- முதுகலைத் தமிழ் மாணவர், சித்தூர்

பதில்: பாதி ஒன்று, பாதி வேறு. வேறாக இருக்கும் பாதியில்தான் சுவை அதிகம்.

உருபன் என்பது பொருள் தரும் மிகச் சிறிய கூறு. 'மரங்கள்' என்பதில் 'மரம்' ஒன்று, 'கள்' ஒன்று. முன்னது தனித்து நிற்கும். பின்னது இன்னொன்றைப் பற்றிக்கொண்டுதான் வரும். ஒரே பொருளுக்கு ஓர் உருபன் பல வடிவங்களில் வந்தால் அவை மாற்றுருபன்கள். செய்தான், உண்டான், சென்றான், ஓடினான் ஆகியவற்றில் த், ட், ற், இன் என்ற நான்கும் இறந்த காலம் என்ற ஒரே பொருளைத் தருகின்றன. இதை நன்னூலார் 13-ஆம் நூற்றாண்டிலேயே 'தடற ஒற்று இன்னே' என்று ஒரே மூச்சில் ஒன்றாகத் தொகுத்துவிட்டார். மாற்றுருபன் என்ற பெயர் புதிது. பல வடிவம் ஒரு வேலை என்று கண்ட கண் பழையது. இதுவரை இரண்டும் ஒன்று.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். 'சேர்ந்தான்', 'சேர்த்தான்' என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மரபுப்படி இரண்டுக்கும் உறுப்பு ஒன்றே: சேர் + த் + த் + ஆன். பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி. முதல் சொல்லில் சந்தித் தகரம் நகரமாக விகாரப்பட்டது, இரண்டாவதில் படவில்லை. ஆனால் பொருள்? பள்ளியில் சேர்ந்தான் என்றால் தானே சேர்ந்தான்; மகனைப் பள்ளியில் சேர்த்தான் என்றால் இன்னொருவரைச் சேர்த்தான். பிரிந்தான் - பிரித்தான், மறைந்தான் - மறைத்தான் எல்லாம் இப்படியே. நிகழ்காலத்துக்குப் போனாலும் இந்த வேறுபாடு கூடவே வருகிறது: சேர்கிறான் - சேர்க்கிறான். எதிர்காலத்திலும் சேர்வான் - சேர்ப்பான். இரண்டு ஒலிகளைச் சேர்க்கும்போது தற்செயலாகத் தோன்றிய மெய் என்று 'சந்தி'யை ஒதுக்கிவிட்டால், இத்தனை ஒழுங்காக வரும் பொருள் வேறுபாட்டை எங்கே வைப்பது?

மொழியியலார் 'த்த்' என்பதையும் 'ந்த்' என்பதையும் முழுத் துண்டாகவே எடுத்துக்கொண்டு, எந்த வகை வினை எதை ஏற்கும் என்று வகுக்கிறார்கள். இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம். அதற்காக மரபு இலக்கணத்தைப் பழம்பெட்டியில் போட்டு மூடுகிறவர்களோடு சேரமாட்டேன். விட்டான், பெற்றான், புக்கான் போன்ற சொற்களில் காலம் காட்டத் தனித் துண்டே இல்லை. விடு, பெறு, புகு என்ற பகுதிகளின் ஒற்று இரட்டித்தே காலம் காட்டுகிறது. அதை நம் இலக்கணக்காரர்கள் தெளிவாகக் கண்டு சொன்னார்கள். துண்டு துண்டாக வெட்டும் முறை தடுமாறும் இடம் அது. தொல்காப்பியத்தையும் இன்றைய மொழியியல் பாடத்தையும் ஒரே மேசையில் திறந்து வைத்துப் படியுங்கள். ஒன்று விடும் இடத்தை மற்றது பிடிக்கும்.

கேள்வி: சொல், மொழி, பதம், கிளவி ஆகியவற்றுக்கு வேறுபாடு உண்டா?
- வாசகி, வண்ணாமடை

பதில்: பெரும்பாலும் ஒரே பொருளில் வருபவைதான். கிளவி என்பதைத் தொல்காப்பியத்தில் நிறையக் காணலாம். பதம் நன்னூலில் தனி இயலுக்கே பெயர். மொழி என்பது 'ஓரெழுத்து ஒருமொழி' போன்ற இடங்களில் சொல் என்ற பொருளில் வரும். அந்த ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்கிடுகிறது. ஆ, ஈ, கோ, தீ, பூ, வா போன்றவை. இன்று எழுதும்போது 'சொல்' ஒன்றே போதும்.

கேள்வி: என் பால் பூத்துக்குப் புதிய பலகை எழுதினேன். 'இங்கு பால் விற்க்கப்படும்' என்று இருப்பது தவறு என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். 'பார்க்கப்படும்' சரி என்றால் இது மட்டும் ஏன் தவறு?
- பால் வியாபாரி, கோபாலபுரம்

பதில்: அவர் சொன்னது சரி. 'விற்கப்படும்' என்று ஒரு ககரத்தோடு எழுத வேண்டும். ர், ய், ழ் ஆகிய மெய்களுக்குப் பின் வல்லெழுத்து இரட்டித்து வரலாம்: பார்க்க, வாய்ப்பு, வாழ்க்கை. ட், ற் என்ற இரண்டும் தாமே வல்லின மெய்கள். அவற்றுக்குப் பின் இன்னொரு மெய்யும் அதே எழுத்தும் அடுக்கி வராது. க, ச, ப என்ற உயிர்மெய் நேராக வரும். கட்சி, முயற்சி, பயிற்சி, கற்பனை, நிற்க. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று பல பலகைகளில் காண்பதும் இதே தவறுதான்.

சொல்லைப் பிரித்தாலும் தெரியும். விற்க + ப் + படும். நடுவில் உள்ள 'ப்' இரண்டு சொற்கள் சேர்வதால் மிகுந்தது, அது வேண்டும். 'விற்க' என்பதற்குள் இன்னொரு 'க்' நுழைய இடமில்லை. 'இங்கு' என்பதற்குப் பின்னும் வல்லினம் மிகும். 'இங்குப் பால் விற்கப்படும்' என்பதே முழுத் திருத்தம். பலகை எழுதுபவரிடம் வாயால் சொல்லாமல், தாளில் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள். மூன்று மொழியில் பலகை எழுதுபவர்கள் கையில் இருக்கும் தாளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.